ஒத்துக்காரரின் இருக்கை

மாண்டலினுக்கு நீண்ட மூச்சு கிடையாது. தந்தியைத் தட்டியதும் ஒலி பிறக்கிறது. பிறந்த கையோடு தேயவும் தொடங்கிவிடுகிறது. இத்தாலியர்கள் தந்திகளை இரண்டிரண்டாகக் கட்டினார்கள். இந்தக் குறையைச் சமாளிக்க ஒரே சுரத்தை மேலும் கீழுமாக வேகமாகத் தட்டி, அது நிலைத்து நிற்பதுபோல ஒரு பிரமையை உண்டாக்கினார்கள். அவர்களுடைய மெட்டுக்கு அது போதும். தோடியின் காந்தாரத்தை அசைத்து, இழுத்து, மேல் சுரத்தைத் தொட்டும் தொடாமலும் கீழே இறக்க வேண்டிய சங்கீதத்துக்குப் போதாது. கமகத்துக்கு நேரம் வேண்டும். ஒலி உயிரோடு இருக்கும்போதுதானே அதை அசைக்க முடியும்?

உப்பலபு ஸ்ரீநிவாஸ் இந்தச் சிக்கலைச் சிறுவயதிலேயே சந்தித்தார். 1969 பிப்ரவரியில் ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்தவர். அப்பா சத்தியநாராயணாவின் மாண்டலினைத் தானாகவே எடுத்துத் தட்டப் பழகிய பிள்ளை. வாய்த்த குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் பாட்டைக் கேட்டு வாசிப்பான். ஆகவே அந்தப் பையன் பின்பற்ற வேண்டியிருந்தது இன்னொரு மாண்டலின்காரரின் விரலை அல்ல, ஒரு தொண்டையை. குரல் தங்கும் இடத்தில் எல்லாம் தந்தியும் தங்க வேண்டும். அதற்கு ஸ்ரீநிவாஸ் கண்ட வழி மின்சாரம். எட்டுத் தந்தியை ஐந்து ஒற்றைத் தந்தியாகக் குறைத்து, கட்டையுடல் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டார். ஒற்றைத் தந்தி என்பதால் இழுத்த இழுப்புக்கு வரும். ஒலிபெருக்கி இருப்பதால், தேய்ந்துபோகும் வால்பகுதியும் காதில் விழும். 1978-இல் குடிவாடா தியாகராஜ ஆராதனையில் வாசித்தபோது வயது ஒன்பது. 1981-இல் சென்னை மேடை, 1983-இல் பெர்லின் ஜாஸ் விழா. மற்றதெல்லாம் பலரும் எழுதிவிட்ட கதை.

பலரும் எழுதாத கதை ஒன்று 1995-இல் நடந்தது. பீட்டர் கேப்ரியல் நடத்திய ரியல் வேர்ல்ட் நிறுவனம் 'ட்ரீம்' என்ற குறுந்தட்டை வெளியிட்டது. அட்டையில் இரண்டு பெயர்கள்: யு. ஸ்ரீநிவாஸ், மைக்கேல் புரூக். அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே நிறுவனம் ஸ்ரீநிவாஸின் 'ராம ஸ்ரீராம' தட்டைக் கொண்டுவந்திருந்தது. அது முறையான கர்நாடக இசை, சபா ரசிகர் குறைசொல்ல எதுவுமில்லை. 'ட்ரீம்' வேறு மாதிரி. சங்கீத ரசிகர்கள் அதைத் தொடவில்லை. தொட்டவர்கள் 'ஃபியூஷன்' என்று சொல்லி அலமாரியில் ஏற்றிவிட்டார்கள். என் கைக்கு அது கோலாலம்பூரில் வேலை பார்த்த உறவுக்காரர் ஒருவர் வழியாக வந்தது. எங்கள் மலேசிய ஊரான சபாக்கில் அன்று கிடைத்ததெல்லாம் சினிமாப் பாட்டும், மாரியம்மன் தாலாட்டும், உறுமி மேளம் பதிந்த கேசட்டும்தான்.

புரூக் டொரண்டோக்காரர், கிட்டார் கலைஞர். 1985-இல் வெளிவந்த அவருடைய 'ஹைப்ரிட்' தட்டில் பிரையன் ஈனோவும் டேனியல் லன்வாவும் கூட இருந்தார்கள். பின்னணியில் மெல்லப் பரவி நிற்கும், கேட்பவரை எதற்கும் அவசரப்படுத்தாத ஆம்பியன்ட் இசைக்கு அந்த வட்டாரம்தான் தலைமையகம். புரூக்குக்கும் ஒரு பழைய மனக்குறை இருந்தது: கிட்டார் ஒலி செத்துப்போகிறது. அவர் ஒரு மின்சுற்றைக் கண்டுபிடித்தார். தந்தியின் அதிர்வை வாங்கிப் பெருக்கி, ஒரு மின்காந்தத்தின் வழியாக அதே தந்திக்குத் திருப்பி ஊட்டும் ஏற்பாடு. தந்தி தன் அதிர்விலிருந்தே உணவு பெறுகிறது. ஒரு தரம் தொட்டுவிட்டால் போதும், கையை எடுக்கும்வரை, அல்லது கரண்டு போகும்வரை, அந்தச் சுரம் நிற்கும். இதற்கு 'இன்ஃபினிட் கிட்டார்' என்று பெயர் வைத்தார். அந்த நாளில் உலகத்தில் மூன்றே மூன்றுதான் இருந்தன. ஒன்று அவருக்கு, ஒன்று லன்வாவுக்கு, மூன்றாவது யு2 குழுவின் எட்ஜுக்கு. 1987-இல் யு2வின் 'வித் ஆர் வித்தவுட் யூ' பாட்டில் பின்னால் ஒரு இழை அறுபடாமல் ஏறி நிற்கிறதே, அது இந்தக் கிட்டார்தான். ஊரெல்லாம் ஒலித்த பாட்டு. எங்கள் பக்கத்து மலாய் இளைஞர்களின் மோட்டார் சைக்கிள் ரேடியோவிலும் கேட்டிருக்கிறேன்.

ஆக, ஒரே கவலை கொண்ட இரண்டு பேர். ஒருவர் தேயும் ஒலியை விரலால் காப்பாற்றக் கற்றவர். மற்றவர் தேயவே விடாத கருவியைச் செய்தவர். ஒலி தேயும் என்பதால்தான் ஸ்ரீநிவாஸின் விரலுக்கு அவ்வளவு வேலை, அவ்வளவு அழகு. தேயாத ஒலியைக் கையில் வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்து சும்மா இருக்கத் தெரிய வேண்டும். 'ட்ரீம்' தட்டின் கேள்வி முழுக்க அதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. சொல்லப்போனால் நம்மிடம் அதற்கென்று ஓர் இருக்கையே இருந்தது.

நாதஸ்வரக் குழுவில் ஒத்து என்று ஒரு கருவி. பார்க்க நாதஸ்வரம் போலவே இருக்கும், ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளைகள் இரா. அடிப்பக்கத் துளைகளில் சிலவற்றை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். ஒத்துக்காரருக்கு ஒரே வேலை, ஆதார சட்ஜத்தை விடாமல் பிடித்திருப்பது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை வாங்கி, வாயால் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். சாமி புறப்பட்டு வீதி சுற்றித் திரும்பும்வரை. நாதஸ்வரக்காரர் நிறுத்திவிட்டுச் சீவாளியை மாற்றலாம், தவில்காரர் தனியாவர்த்தனத்தில் மூழ்கலாம், ஒத்து மட்டும் நிற்கக் கூடாது. அந்த இடத்தில் பெரும்பாலும் சீடப் பையனை உட்காரவைப்பார்கள், இல்லாவிட்டால் பல் போன பெரியவரை. திருவிழா நோட்டீஸில் நாதஸ்வரக்காரர் பெயர் ஊரோடும் பட்டத்தோடும் வரும், தவில்காரர் பெயர் வரும். ஒத்துக்காரர் 'குழுவினர்' என்ற சொல்லுக்குள் மறைந்துவிடுவார்.

எங்கள் சபாக் பக்கம் ஒத்து ஊதியவர்களை நினைவில் வைத்திருப்போர் இப்போது குறைவு. தோட்டங்களே பாதி இல்லை. பெர்ணாம் ஆற்றங்கரையிலிருந்து கோலசிலாங்கூர் வரை ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிலத்தில் இன்று செம்பனை நிற்கிறது. பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியே வணிகத்துக்காகச் செம்பனை நட்டதுதான் இந்நாட்டில் முதல் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். அவரே பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் கொன்கூர் பரிசு வாங்கினார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. மரம் மாறியபோது தோட்டத்தின் ஓசையும் மாறியது. வெயில் காலத்தில் ரப்பர் காய் பட் பட்டென்று வெடித்துக் கொட்டை தகரக் கூரையில் தெறிக்கும் சத்தம் போயிற்று. செம்பனை மட்டைகள் ஓயாமல் உரசும் சத்தமும், அறுத்த குலை தொம்மென்று மண்ணில் விழும் சத்தமும் வந்தன. தோட்டத்து லய வீடுகளிலிருந்து டவுன் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தவர்களோடு கோயில்களும் நகர்ந்தன. இன்று நல்ல நிலையில் உள்ள கோயில்களில் தமிழ்நாட்டிலிருந்தோ ஈழத்திலிருந்தோ வேலை பெர்மிட்டில் வந்த கலைஞர்கள் வாசிக்கிறார்கள். ஒத்து இருந்த இடத்தில் ஒரு சிறிய பெட்டி இருக்கிறது.

அந்தப் பெட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைதான் ஒத்தை ஒதுக்கிவிட்டுத் தம்புராவைத் தம் மேடைக்குக் கொண்டுவந்தவர். அவர் வாசித்த விளம்ப காலத் தோடிக்குத் தம்புராவின் மெல்லிய படுகை பொருத்தமாக இருந்திருக்கும். ஒத்துக்காரருக்குப் பிழைப்பு போயிற்று. பின்னர் துருத்தி வைத்த சுருதிப் பெட்டி பரவியது. 1970-களின் இறுதியில் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற புல்லாங்குழல் கலைஞர், பொறியாளரும்கூட, மின்னணுத் தம்புராவை உருவாக்கி ராடெல் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். பத்து இருபது ஆண்டுகளில் அது உலகத்தில் தமிழர் இருக்கும் கோயிலுக்கெல்லாம் போய்விட்டது. மின்னணு இசை என்றால் ஜெர்மனி, அமெரிக்கா என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். நாள் தவறாமல், மணிக்கணக்கில், அதிகமான தமிழர் கேட்கும் மின்னணு இசை இந்தப் பெட்டியின் ச-ப-ச தான்.

திருவிழாக் காலத்தில் நான் காத்திருந்து கேட்கும் ஒரு நேரம் உண்டு. உபயக்காரர் வந்து சேரவில்லை, பூசை தாமதம், வாத்தியக்காரர்கள் தேத்தண்ணி குடிக்க எழுந்து போயிருப்பார்கள். பெட்டியை அணைக்க யாருக்கும் தோன்றாது. ஒலிவாங்கி அதன் முன்னாலேயே இருக்கும். சுருதி மட்டும் குழாய் ஒலிபெருக்கியில் தோட்டம் முழுக்கப் போய்க்கொண்டிருக்கும். அதன்மேல் சோற்றுக் கரண்டி தட்டும் ஓசை, பிள்ளைகளின் கூச்சல், சாலையில் குலை ஏற்றிப்போகும் லாரி. யாரும் வாசிக்கவில்லை, ஆனால் இசை நிற்கவில்லை. 1978-இல் ஈனோ 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' தட்டில் செய்ய நினைத்ததற்கு இது வெகு தூரமில்லை. அவர் வெவ்வேறு நீளமுள்ள ஒலிநாடாத் துண்டுகளை முனைகளை ஒட்டி வளையமாக்கி, ஜெர்மனியில் கோனி பிளாங்கின் ஸ்டூடியோவில் நாற்காலிக் கால்களைச் சுற்றி ஓடவிட்டார். ஒரு வளையத்தில் ஒரு குரல், ஒரு சுரம், மீதியெல்லாம் மௌனம். ஒன்று இருபத்துச் சொச்சம் வினாடிக்கு ஒரு முறை திரும்பும், மற்றொன்று அதைவிடக் கொஞ்சம் தாமதித்துத் திரும்பும். நீளங்கள் ஒன்றுக்கொன்று வகுபடாததால் அவை மறுபடி அதே வரிசையில் சேர யுகம் ஆகும். இசையமைப்பாளர் அதை ஓடவிட்டு எழுந்து தேத்தண்ணிக்குப் போகலாம்.

(இந்த இடத்தில் கோலசிலாங்கூர் மின்மினிகளைப் பற்றி நான் எழுதுவேன் என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். கம்போங் குவாந்தானில் ஒரு கரைமரம் முழுக்க ஒரே தாளத்தில் மினுக்குகிறது என்பது உண்மை. ஆனால் ஒன்றையொன்று பார்த்து ஒரே நேரத்துக்கு வந்துவிடும் பூச்சிகள் ஈனோவின் வளையங்களுக்கு நேர் எதிரானவை. தவிர, அவை சுற்றுலாத் துறைக்குச் சொந்தமாகி நாளாகிவிட்டன.)

ஆம்பியன்ட் இசையின் வேரைத் தேடுகிறவர்கள் பொதுவாக எரிக் சாட்டியில் தொடங்கி ஜான் கேஜ் வழியாக ஈனோவுக்கு வருவார்கள். இன்னொரு வழியும் உண்டு; அது நம்மூர் ரயில் நிலையம் ஒன்றின் வழியாகப் போகிறது. கிரானா கரானாவின் இந்துஸ்தானிப் பாடகர் அப்துல் கரீம் கான் 1937-இல் மதராஸிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில் உடல்நலம் கெட்டுச் சிங்கப்பெருமாள்கோயில் நிலையத்தில் இறங்கினார். அந்த நடைமேடையிலேயே உயிர் பிரிந்தது. சுருதிச் சுத்தத்தைத் தவிர வேறெதையும் பெரிதாக மதிக்காத பாட்டு அவருடையது. தியாகராஜர் கிருதியைப் பாடி இசைத்தட்டிலும் பதிந்தவர். அவருடைய உறவினரும் அதே மரபின் இன்னொரு தூணுமான அப்துல் வாஹித் கானிடம் கற்றவர் பிராண் நாத். இந்தப் பிராண் நாத் 1970-இல் நியூயார்க் போனார். இசையமைப்பாளர்கள் லா மாண்டி யங், டெர்ரி ரைலி இருவரும் அவருக்குச் சீடர்களானார்கள். தம்புராவை மட்டுமே தனியாக ஒலிப்பதிவு செய்து தட்டாக வெளியிடும் அளவுக்கு அந்த வட்டாரத்துக்குத் தம்புரா பித்துப் பிடித்தது. எக்காளக் கலைஞர் ஜான் ஹாசெலும் பிராண் நாத்திடம் வந்து, அந்தக் குரலின் வளைவை உலோகக் குழாயில் கொண்டுவரப் பாடுபட்டார். 1980-இல் ஹாசெலும் ஈனோவும் சேர்ந்து 'பாஸிபிள் மியூசிக்ஸ்' செய்தார்கள். 1986-இல் வெளிவந்த ஹாசெலின் 'பவர் ஸ்பாட்' தட்டில் கிட்டார் வாசித்தவர் மைக்கேல் புரூக். ஸ்ரீநிவாஸின் பக்கத்தில் வந்து அமர்ந்த மனிதர் தம்புராவுக்கு அந்நியர் அல்லர். சுற்றுவழியில் வந்த தூரத்து உறவு.

தம்புரா ஏன் இப்படி ஆளைப் பிடிக்கிறது என்பதற்கு ஓர் இயற்பியல் விடை உண்டு. அதைச் சொன்னவரும் திருச்சிக்காரர். சி.வி. ராமன் 1921-இல் இந்தியத் தந்திக் கருவிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், தம்புராவின் வளைந்த குதிரையும் அதன்மேல் தந்திக்கு அடியில் நாம் வைக்கும் ஜீவாளி நூலும் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தார். சாதாரணத் தந்தியைக் குறிப்பிட்ட இடத்தில் மீட்டினால் சில மேலொலிகள் எழக் கூடாது என்பது விதி. தம்புராவில் அவையும் எழுகின்றன. தந்தி குதிரையை உரசி உரசித் தன் அதிர்வை மேலொலிகளுக்குப் பங்கிட்டுக்கொண்டே போகிறது. ஒரு நூலிழையை மயிரளவு நகர்த்தி நாம் பெறுவதைப் புரூக் காந்தம் வைத்துப் பெற்றார். இரண்டில் எது நுட்பமானது என்று கேட்டால் நூல்தான் என்பேன். காந்தம் ஒலியைச் சாகாமல் வைக்கிறது, நூல் அதை மாறிக்கொண்டே இருக்க வைக்கிறது.

இவ்வளவும் தெரிந்தபின் 'ட்ரீம்' கேட்டால் குறையும் நிறையும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. உருப்படிகளுக்கு ராகப் பெயர் இல்லை, ஒற்றை ஆங்கிலச் சொற்கள்தாம் தலைப்பு. தாளத்தை முன்னால் தள்ளி ஆட்டம்போடும் பகுதிகள் எனக்கு ஒட்டவில்லை. ஸ்ரீநிவாஸின் துரித காலத்துக்குத் துணை தேவையே இல்லை, மிருதங்கமும் கஞ்சிராவும் கொடுக்கும் எதிர்ப்பேச்சுதான் தேவை. சுற்றிச் சுற்றி ஒரே அச்சில் வரும் தாளப் பாய் எதிர்ப்பேச்சு பேசாது. அந்த இடங்களில் மாண்டலின், யாரும் கவனிக்காத அறையில் கெட்டிக்காரத்தனமாகப் பேசிக்கொண்டிருக்கும் ஆளாகிவிடுகிறது.

தாளம் ஒதுங்கும் இடங்கள் வேறு ரகம். புரூக் ஒரே ஒரு நீள இழையை விரிக்கிறார். மாண்டலின் உடனே ஓடிவருவதில்லை. வந்தாலும் இரண்டு மூன்று சுரம் வைத்துவிட்டு நிறுத்துகிறது. கச்சேரி மேடையில் ஸ்ரீநிவாஸ் இத்தனை இடைவெளி விட்டதை நான் கேட்டதில்லை. மேடையில் விட முடியாது. மாண்டலின் தேய்ந்ததும் வயலின் வந்து நிரப்பிவிடும், அது வயலினின் தர்மம். இங்கே நிரப்ப யாருமில்லை. தேய்ந்துகொண்டே போகும் மாண்டலினின் வால், புரூக்கின் தேயாத ஒலிக்குள் கலந்து எங்கே முடிந்தது என்றே தெரியாமல் போகிறது. ஒரு சுரத்தின் பாதி ஸ்ரீநிவாஸுடையது, பாதி புரூக்குடையது என்று சொல்லும்படியான கணங்கள் அவை. இருவர் சேர்ந்து செய்த இசை என்பதற்கு இதைவிட நேரடியான பொருள் எனக்குத் தெரியவில்லை.

சபாக் கடைத்தெருவில் நின்றால் இந்தக் கலப்பை வேறு உருவத்தில் கேட்கலாம். பழைய கடைவீடுகளின் மேல்மாடிகளில் ஜன்னலை அடைத்துப் பறவைக்கூட்டுக்காக வாலிட் குருவிகளை வளர்க்கிறார்கள். உள்ளே ஒலிபெருக்கிகள், பதிவு செய்த வாலிட்டின் கீச்சொலி விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஓடும். அதை நம்பி நிஜப் பறவைகள் வருகின்றன, அவையும் கத்துகின்றன. சாயங்காலத்தில் எது பதிவு, எது பறவை என்று பிரித்துச் சொல்லத் தொழில் தெரிந்த சீனத் தவுக்கே முதலாளியாலும் முடியாது. ஊர்க்காரர்கள் பலருக்கு அது தொல்லை, மனு எழுதியவர்களும் உண்டு. கலப்பு என்றாலே இசை ஆகிவிடாது என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். பதிவு இங்கே பறவையைக் கூப்பிடுகிறது, கேட்கவில்லை. பறவை போனாலும் அது ஓடும்.

புரூக் கேட்கிறாரா? இது முக்கியமான கேள்வி, ஏனென்றால் ஸ்டூடியோவில் கடைசியாக வெட்டி ஒட்டுகிறவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது. 1990-இல் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானுடன் 'மஸ்த் மஸ்த்' செய்தபோது, ஒலிக்கு நன்றாக இருக்கிறது என்று பாட்டை ஓரிடத்தில் வெட்டிவிட்டார்கள். வரி பாதியில் முறிந்து பொருள் குலைந்தது. நுஸ்ரத் அதை ஏற்கவில்லை. பேசிச் சரிக்கட்ட வேண்டியதாயிற்று. மொழி தெரியாதவர் கையில் கத்தரி இருந்தால் அதுதான் நடக்கும். மாண்டலினில் சொல் இல்லை என்பதால் தப்பித்தோம் என்று சொல்ல முடியாது. ராகத்துக்கும் வாக்கியம் உண்டு.

அதைவிடப் பெரிய ஆபத்து அடியில் இருக்கிறது. மேற்கத்தியக் காது ஒரே ஆதார சுருதியில் நெடுநேரம் இருக்கப் பழகியதல்ல. அடிச்சுரம் நகர்ந்தால்தான் அதற்குப் பயணம் போன நிறைவு. மோகனம் போய்க்கொண்டிருக்கும்போது அடியில் ஒலிக்கும் சட்ஜத்தை எடுத்துவிட்டுப் பஞ்சமத்தை வைத்துப் பாருங்கள். மேலே வாசிப்பவர் ஒரு சுரத்தையும் மாற்றவில்லை, ஆனால் கேட்பவர் காதில் சுத்த சாவேரி வந்து உட்கார்ந்துவிடும். காந்தாரத்தை வைத்தால் இந்தோளம். கிரக பேதம் செய்கிறவர் அதைத் தெரிந்தே செய்வார், இளையராஜா போன்றவர்கள் அதை விளையாட்டாக மாற்றி நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். தெரியாமல் செய்தால் வாசிப்பவரின் காலடி மண்ணை உருவுவதாகும். ஃபியூஷன் தட்டுகளில் பெரும்பான்மை இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. புரூக்கின் நல்ல குணம், மெதுவான பகுதிகளில் அவர் அசையாமல் இருப்பது. நகர்த்தும் வசதி கையில் இருந்தும் நகர்த்தாமல் இருப்பது சுலபமல்ல, அதுவும் அட்டையில் தன் பெயர் சமமாக இருக்கும்போது.

எங்கள் தாமானில் ஒரு முதியவர் இருந்தார். தோட்டத்தில் குலை அறுத்தவர், அதற்கு முன் பையனாக இருந்தபோது கோயில் மேளத்தில் ஒத்து ஊதியவர். ஒரு சாயங்காலம் அவருக்கு இந்தத் தட்டைப் போட்டுக் காட்டினேன். மாண்டலினை அவர் கண்டுகொள்ளவே இல்லை. பின்னால் நின்ற ஒலியையே கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னய்யா இவன், மூச்சு எங்க வாங்குறான்னே தெரியலயே?”

“ஊதல தாத்தா. கம்பிதான். கரண்டுல நிக்குது.”

“அப்ப கன்னம் வலிக்காது” என்றார். கொஞ்சம் கழித்து, “ஆனா நல்லாப் புடிக்கிறான். அலையல.”

அவர் கொடுத்த நற்சான்றிதழ் அவ்வளவுதான். அலையாமல் பிடிப்பது அவர் அறிந்த தொழில். அதற்குக் கூலி அரைப்பங்கு, அதுவும் சில கோயில்களில் வெறும் சாப்பாடு. 'ஒத்து ஊதுகிறவன்' என்பது ஊரில் வசைச்சொல்லாகவே நின்றுவிட்டது. ஆம்பியன்ட் இசை செய்த காரியங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது, அந்த இருக்கையில் இருப்பவரையும் ஆசிரியராகக் கணக்கில் எடுத்தது. விற்பனைக்காகச் செய்ததாகவும் இருக்கலாம்; ரியல் வேர்ல்டின் வாடிக்கையாளருக்குப் புரூக்கின் பெயர் ஸ்ரீநிவாஸின் பெயரைவிடப் பழக்கமானது. காரணம் எதுவானாலும் சுருதி பிடித்தவரின் பெயர் அட்டையில் அச்சாகியது. நம்முடைய நூறாண்டு இசைத்தட்டு வரலாற்றில் தம்புரா மீட்டியவர்களின் பெயர்களைத் தேடிப் பாருங்கள்.

இந்த வாதத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஒத்துக்காரர் மேல்நிலைக்கு வர ஆசைப்பட்டால் அவருக்கு ஏணி இருந்தது. இன்று ஒத்து, நாளை நாதஸ்வரம். மூச்சைக் கட்டுப்படுத்தவும் சுருதியை எலும்பில் ஏற்றவும் அதுவே பயிற்சி. பெட்டி வந்தபின் அந்தப் பயிற்சி போய்விட்டது. புரூக்கோ அதே இருக்கைக்கு எதிர்த்திசையிலிருந்து வந்தவர். கிட்டாரில் பாட்டை முன்னெடுத்துச் செல்லத் தெரிந்தும், முதிர்ந்தபின் பின்வரிசைக்கு வந்தார். பல் போன பெரியவரை ஒத்துக்கு உட்காரவைத்த வழக்கத்தோடு இது பொருந்துகிறது. நம் பெரியவர் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார் என்பது மட்டும் வேறுபாடு.

'ட்ரீம்' வெளிவந்த மறு ஆண்டு புரூக் நுஸ்ரத்துடன் 'நைட் சாங்' செய்தார். அதன்பின் 1998-இல் ஆர்மீனியாவின் துதுக் கலைஞர் ஜீவான் காஸ்பார்யனுடன் 'பிளாக் ராக்'. துதுக் மரபில் எப்போதும் இருவர் உண்டு. ஒருவர் மெட்டை வாசிக்க, இன்னொருவர் இரண்டாவது துதுக்கில் 'தாம்' எனப்படும் ஒற்றைச் சுரத்தைச் சுழல்மூச்சில் பிடித்திருப்பார். நம் ஒத்துக்கு அச்சாக இன்னொரு மலைநாட்டில் ஓர் உடன்பிறப்பு. ஆகவே காஸ்பார்யனின் பக்கத்தில் புரூக்குக்கு இடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. எதையும் விளக்க வேண்டியதில்லை, தாளத்தைக் கொண்டுவந்து கவர வேண்டியதில்லை. போய் உட்கார்ந்தார். தமிழ்க் காதோடு கேட்கும் எனக்கே சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, மூன்றில் சிறந்த தட்டு அதுதான். ஸ்ரீநிவாஸோடு சேர்ந்தபோது அப்படி ஓர் இடத்தை அவருக்குக் காட்ட நம்மிடம் ஆள் இல்லை. ஒத்தை நாம் பல ஆண்டுகளுக்கு முன்பே பெட்டிக்குள் வைத்துவிட்டோம், தம்புராவும் திரைக்குப் பக்கத்தில் ஒதுங்கிவிட்டது. அவர் தாளத்தைக் கட்டிப் பார்த்தார், விட்டுப் பார்த்தார், சில இடங்களில் கண்டுபிடித்தார்.

ஸ்ரீநிவாஸ் அதன்பின் ஜான் மெக்லாஃப்லினின் 'ரிமெம்பர் சக்தி' குழுவோடு உலகம் சுற்றினார்; அங்கே எல்லோரும் வேகத்தில் மன்னர்கள், காத்திருப்பதற்கு அவசியம் நேரவில்லை. 2014 செப்டம்பர் 19 அன்று சென்னையில் இறந்தபோது வயது நாற்பத்தைந்து. அஞ்சலிக் கட்டுரைகள் பலவற்றைப் படித்தேன். குழந்தை மேதையையும் பத்மஸ்ரீயையும் பெர்லினையும் எழுதியவர்கள் இந்தத் தட்டை ஒரு வரியில் தாண்டினார்கள். புரூக் பெரும்பாலும் சினிமாப் பின்னணி இசைக்குப் போய்விட்டார். 2006-இல் 'ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்', 2015-இல் 'புரூக்ளின்'. பின்னால் இருந்து பிடிப்பதற்குச் சினிமாவில் நல்ல கூலி.

தட்டு இப்போது இணையத்தில் சுலபமாகக் கிடைக்கிறது. கேட்க நினைப்பவர்கள் ஆட்டமான பகுதிகளைத் தள்ளிவிட்டுத் தலைப்புப் பாட்டுக்கு நேராகப் போகலாம். செல்போனின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்டால் மாண்டலின் மட்டும்தான் வரும், ஒத்து வராது. காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள்.